இருபது கம்பெனிக்கு டைரக்டர்

எங்கள் தெருவில் இரண்டு வருஷம் என்னை "டைரக்டர்" என்று கூப்பிட்டார்கள். கிண்டல் பாதி, நம்பிக்கை பாதி. பெங்களூர் மர்பி டவுனில் டைரக்டர் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. சினிமா எடுப்பவர்.

நானேதான் உளறிக் கொட்டினேன். ஒருநாள் டீக்கடையில், என்னோடு படித்தவன் ஒருவன் தான் சூப்பர்வைசர் ஆகிவிட்டதைப் பெரிதாகப் பீற்றிக்கொண்டிருந்தான். பொறுக்கமுடியாமல், "நான் டைரக்டர் ஆயி எட்டு மாசம் ஆவுது" என்று சொல்லிவிட்டேன். டீ ஆற்றுகிறவர் கை அந்தரத்தில் நின்றது.

"எத்தினி படம்ணா?"

"படம் இல்லப்பா. கம்பெனி டைரக்டர். பன்னெண்டு கம்பெனி."

"ஓ, பன்னெண்டு சினிமா கம்பெனியா! ஒண்ணுகூட ரிலீஸ் ஆவலயே?"

"எல்லாம் டப்பாவுலதான் கீது" என்றேன். தமாஷாகச் சொன்னதுதான். அவை எப்பேர்ப்பட்ட டப்பா கம்பெனிகள் என்று அப்போது எனக்கே தெரியாது.

அன்றையிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் தன் மருமகனுக்கு அழுகிற வேஷம் நன்றாக வரும் என்றார். வீட்டில் அவன் படும் பாட்டுக்கு வரத்தான் செய்யும். குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், தன்னை எட்டுக் கோணத்தில் எடுத்த போட்டோக்களுடன் ஓர் ஆல்பமே கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டிருந்தார். வில்லன் வேஷம் வேண்டுமாம். எங்கள் வீட்டுக் குழாயை இரண்டு தடவை காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். படம் எதுவும் ஆரம்பிக்கிற மாதிரி தெரியாததால் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வரவில்லை. இன்றும் அந்தக் குழாய் ஒழுகுகிறது.

நான் உண்மையில் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கார் டிரைவர். நிலம் வாங்கி விற்கிற ஒருவரிடம் ஒன்பது வருஷம். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். டிரைவர் வேலையில் கால்வாசி ஓட்டுவது, முக்கால்வாசி காத்திருப்பது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து இந்த அளவாவது வந்தது.

சாருக்குக் கம்பெனி ஆரம்பிப்பது ஒரு பழக்கம். சிலருக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. ஒரு நிலம் வாங்கினால் அதற்கு ஒரு கம்பெனி. அந்த நிலத்துக்குப் போகிற பாதைக்கு இன்னொன்று. எல்லாப் பெயரிலும் வால் மாதிரி "இன்ஃப்ரா" என்றோ "வென்ச்சர்ஸ்" என்றோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் சர்க்காருக்கு ஒரு பொறாமை. ஒரு ஆள் அதிகபட்சம் இருபது கம்பெனிகளில்தான் டைரக்டராக இருக்கலாம் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலும் பப்ளிக் கம்பெனி என்றால் பத்துதான். ஒரு மனுஷன் மண்டைக்கு இருபதுக்கு மேல் தாங்காது என்று டெல்லியில் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் என் மண்டைக்கு ஒன்றே ஜாஸ்தி என்று சொல்லியிருப்பேன்.

சாருக்கு இருபது நிறைந்தது. அவர் வீட்டு அம்மாவுக்கும் நிறைந்தது. ஒரு மைத்துனர் இருந்தார், அவர் ஏதோ மனஸ்தாபத்தில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒருநாள் அல்சூர் ஏரிக்கரையோரம் டிராஃபிக்கில் நிற்கும்போது சார் தலையைத் தூக்கிக் காரின் உள்கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் நான் தெரிந்தேன்.

"உனக்கு பான் கார்டு இருக்கா?"

"இருக்குது சார்."

"ஆதார்ல போன் நம்பர் சேர்த்திருக்கியா?"

"சேர்த்திருக்கேன் சார்."

"குட். உன்னை டைரக்டர் ஆக்கிடறேன்."

"சார், எனக்கு வண்டி ஓட்டறது மட்டும்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா. ரெண்டுலயும் ஸ்டியரிங் புடிக்கணும். எங்க திருப்பணும்னு நான் சொல்றேன்."

அல்சூரில் ஒரு ஸ்டூடியோவில் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு என் கையெழுத்தைச் சின்னப் பென் டிரைவ் மாதிரி ஒரு பொருளுக்குள் அடைத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் நான் கையெழுத்துப் போட்டதாக அர்த்தமாம். அதற்குப் பெயர் டோக்கன். அந்த டோக்கனைப் பழைய கவரில் போட்டு, மேலே "டிரைவர்" என்று எழுதி, சார் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். என் கையெழுத்து மூன்றாவது மாடியில் ஏசியில் இருந்தது. நான் பேஸ்மென்ட்டில் கொசுக்கடியில் இருந்தேன்.

அப்புறம் ஓடிபி. அவ்வப்போது என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். மேலேயிருந்து கூப்பிடுவார்கள். நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். கன்னடத்தில் "ஆயித்து", ஆயிற்று என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அதுதான் எங்கள் போர்டு மீட்டிங். சில நாள் ஒரே மத்தியானத்தில் மூன்று கம்பெனிகளின் மீட்டிங்கை முடித்துவிட்டு டயருக்குக் காற்று அடிக்கப் போயிருக்கிறேன்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெருமை இருந்தது. என் அப்பா ஒரு மில்லில் வாட்ச்மேன். டைரக்டர்களுக்குக் கேட் திறந்துவிட்டே ரிட்டையர் ஆனவர். அவர் பெயர் "அப்பா பெயர்" என்ற கட்டத்தில் இருபது கம்பெனிக் காகிதங்களில் ஏறியது என்று நினைத்தால் எனக்குள் என்னவோ செய்யும். இப்போதும் கொஞ்சம் செய்கிறது. மானங்கெட்ட மனசு.

இனி என் மனைவி. அவள் சமைப்பாள். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே என்று நினைக்க வேண்டாம், இவள் தினம் அறுபது பேருக்குச் சமைப்பாள். பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஓர் ஐ.டி. ஆபீஸ். அங்கே தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய. புளிக்குழம்பைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கானவர்கள். முதலில் ஐந்து டப்பா போனது, அப்புறம் இருபது, அப்புறம் அறுபது. கன்னடக்காரப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டபோது செவ்வாயும் வெள்ளியும் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களியும் சேர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் அவளோடு வேலைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் படுக்கிற இடமெல்லாம் அண்டா உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆபீஸ்காரர்களே ஒருநாள் கூப்பிட்டு, எங்கள் கேன்டீனையே எடுத்து நடத்துகிறீர்களா என்று கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். கேன்டீனை நடத்த ஒரே ஒரு நிபந்தனை. எடுக்கிறவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருக்க வேண்டும். பெயரும் காகிதமும் மாதம் முடிவதற்குள் வர வேண்டும். இல்லையென்றால் வேறு பெரிய ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"கம்பெனின்னா கொறஞ்சது ரெண்டு டைரக்டர் வேணுமாம்" என்றாள். "நானு, நீ. வேற யாரு? நீதான் இருபது கம்பெனி பாத்தவனாச்சே. ரெண்டு பேர் பேரும் சேந்து இருக்கணும்யா. கல்யாணப் பத்திரிகைக்கப்புறம் நம்ம ரெண்டு பேர் பேரும் எதுலயும் சேந்து வரல."

அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் எனக்கு அனுபவம் உண்டு என்று நானும் மார்தட்டினேன்.

அல்சூரில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் கம்பெனி செக்ரட்டரி மேடம் ஒருவர் இருந்தார். எங்கள் ஏரியாவில் செக்ரட்டரி என்றால் சங்கச் செயலாளர். மைக்கைப் பிடித்தால் கரண்ட் போனால்தான் விடுவார். இந்த மேடம் அதிகம் பேசாதவர். கம்பெனி பதிவு செய்வது, அதன் காகிதங்களைச் சர்க்காருக்கு அனுப்புவது, இதுதான் அவர் வேலை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து பத்து வருஷமாம்.

என் மனைவியின் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "நீங்க ஏற்கனவே எந்தக் கம்பெனியிலயாவது டைரக்டரா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன் மேடம்" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டைரக்டர்களுக்கென்று சர்க்கார் கொடுக்கிற நம்பர் ஒன்று உண்டு. அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. என் கம்பெனிகளின் பெயர்களை நான் மொத்தமாகப் பார்த்தது அன்றுதான். இரண்டு மூன்று பெயர்கள் எனக்கு வாயில் நுழையவே இல்லை. மேடம் பேனா நுனியால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார்.

"இருபது இருக்குங்க. ஃபுல்."

"அதனால?"

"அதனால இருபத்தொண்ணாவதுல உங்களைச் சேர்க்க முடியாதுங்க. சேர்த்தா சட்டப்படி தப்பு. அபராதமும் நாள் கணக்குல ஏறும்."

"மேடம், அதுல பாதி கம்பெனி ஒண்ணுமே பண்ணறதில்ல. தூங்கிட்டுதான் இருக்குது" என்றேன்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூங்கற கம்பெனி அந்தக் கணக்குல வராதுதான். ஆனா தூங்கறேன்னு மனு போட்டு, அனுமதி வாங்கித் தூங்கணுங்க. உங்களோடது எல்லாம் தானா தூங்குது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க இதையெல்லாம் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா? மூணு வருஷம் ஒரு கம்பெனி வரவு செலவு தாக்கல் பண்ணாம விட்டாக்கூட அதோட டைரக்டரை அஞ்சு வருஷம் எங்கயும் சேர்க்க மாட்டாங்க" என்றார்.

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை.

படியில் இறங்கும்போது, "சார்கிட்ட சொல்லி ஒண்ணுலேந்து எறங்கிக்கறேன். அவ்ளோதானே? இதுக்குப் போய் பேஜார் ஆவாத" என்றேன்.

"கேளு" என்றாள்.

மறுநாள் காரில் கேட்டேன். டிராஃபிக் நிற்கிற இடமாகப் பார்த்து, "சார், என்னை ஒரு கம்பெனிலேந்து எடுத்துடுங்க சார்" என்றேன்.

"எதுலேந்து?"

"உங்களுக்கு எது இஷ்டமோ அதுலேந்து சார்."

"மார்ச் முடியட்டும்யா. பார்க்கலாம்." சாரின் மார்ச் எந்த வருஷமும் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. விஷயம் இன்னதென்று விளக்கினேன். மனைவி, கேன்டீன், மாதக் கடைசி எல்லாவற்றையும் சொன்னேன். சார் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பழையபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உன் வைஃபுக்கு பான் கார்டு இருக்கா?"

ஒன்பது வருஷப் பழக்கம். சார் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். "இருக்குது சார்" என்றேன். ஆதாரில் போன் நம்பர் சேர்த்திருக்கிறாளா என்று கேட்டார். அதற்கும் சேர்த்திருக்கிறாள் என்றேன். நம்பர்களைக் கேட்டார், அவற்றையும் கொடுத்தேன். இந்த நாக்கை அறுத்துப்போட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தானே கார் ஓட்டிக்கொண்டு, கையில் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸோடு. எங்கள் சந்தில் கார் நுழையாது என்பதால் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். புரொடியூசர் வந்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு எழுந்து ஜன்னல்கள் திறந்தன. அண்டாக்களை ஒதுக்கி அவருக்கு நாற்காலி போட்டோம்.

சார் விஷயத்துக்கு நேராக வந்தார். புதிதாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார். எனக்கு இருபது நிறைந்துவிட்டது. அதனால் என் மனைவி அதில் டைரக்டராகச் சேர்ந்தால் என்னை ஒரு கம்பெனியிலிருந்து இறக்கிவிடுவார். நான் அவளுடைய கம்பெனியில் சேர்ந்துகொள்ளலாம். "உங்களுக்கும் வேலை ஆகும், எனக்கும் ஆகும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்றார். அழகாகத்தான் சொன்னார். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு ஒன்று. அவளுக்கு அப்புறமும் பத்தொன்பது மிச்சம் இருக்குமே என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

என் மனைவி சாருக்கு நான்கு இட்லி வைத்துச் சட்னி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "இந்தப் புதுக் கம்பெனி இன்னா பண்ணப்போவுது சார்?" என்று கேட்டாள்.

"ஜெனரல் பிசினஸ்மா."

"ஜெனரல்னா? நான் இட்லி பண்றேன். இவரு வண்டி ஓட்டறாரு. அது இன்னா பண்ணும்?"

சாருக்குக் கேள்வி பழக்கமில்லை. "அதெல்லாம் டெக்னிக்கல்மா. இவனையே கேளுங்க, இவன் இருபதுல இருக்கான்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"சொல்லுய்யா. இருபதுல ஏதாச்சும் ஒண்ணு சொல்லு. இன்னா பண்ணுது?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மேடத்தின் திரையில் பார்த்த பெயர்களில் ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். வால்கள்தான் ஞாபகம் வந்தன, தலைகள் வரவில்லை. ஒழுகுகிற குழாயின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியாது" என்றேன்.

சரியாக அப்போது அவள் போன் டிங் என்றது. சார் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஆபீஸில் யாரிடமோ சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. நான்தான் எல்லா விவரமும் கொடுத்திருந்தேனே. ஓடிபி வந்துவிட்டது. சார் சட்னிக் கையை நீட்டியபடி, "அந்த நம்பரைச் சொல்லும்மா, அவ்வளவுதான்" என்றார்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். திரையைக் கீழே கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"சார், கேஸ் புக் பண்ணா எனக்கு ஓடிபி வரும். சிலிண்டர ஒருத்தரு தூக்கிட்டு வந்து உள்ள எறக்குவாரு. நான் ஆட்டிப் பாப்பேன். வாஷர் சரியா கீதான்னு பாப்பேன். அப்புறம்தான் நம்பர் சொல்லுவேன். சிலிண்டர் எங்க சார்?"

சார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டாள். அவர் வைக்கச் சொன்னார், அதையும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று வாயாரச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஆளிடம் எனக்கு இன்றும் முழுசாகக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். சாப்பாட்டுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்.

அவர் போனபின் அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தட்டைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யார் யாருக்கோ உன் பேரக் குடுத்தே. இன்னாத்துக்குன்னு கூடக் கேக்காம குடுத்தே. கட்டனவ ஒரே ஒரு தபா கேட்டேன். எனக்கு மட்டும் இல்லன்னு வருது."

சட்டத்தின் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். சட்டம் என்ன செய்யும்? அது இருபது வரை கொடுத்திருந்தது. இருபதில் ஒன்றை அவளுக்கென்று எடுத்துவைக்க எனக்குத்தான் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஸ்வீட் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டைரக்டர் நான் அழுதேன்.

மறுநாள் மறுபடி மேடத்தின் மாடிக்குப் போனோம். என்னை எப்படியாவது ஒன்றிலிருந்து கழற்ற வழி உண்டா, முதலாளி சம்மதிக்கமாட்டேன் என்கிறாரே என்று கேட்டேன்.

மேடம் என்னை விநோதமாகப் பார்த்தார். "அவர் எதுக்குங்க சம்மதிக்கணும்? நீங்க லீவு கேக்கலை. வேண்டாம்னு சொல்லிட்டுப் போறீங்க. உங்க லெட்டர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னா ராஜினாமா ஆயிடுச்சு."

இரண்டரை வருஷமாக வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்த அறையின் கதவு சும்மா சாத்தித்தான் இருந்திருக்கிறது.

"அப்ப இன்னிக்கே ஒண்ணு எழுதிடறேன் மேடம்."

"ஒண்ணா?" என்றாள் என் மனைவி.

இருபது எழுதினேன். மேடம் ஒரு கடிதம் அடித்துக் கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தார். நான் பேனாவால் இருபது தடவை கையெழுத்துப் போட்டேன். பத்தாவதில் கை வலித்தது. நிஜமாகக் கையெழுத்துப் போட்டால் கை வலிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இருபதையும் தனித்தனிக் கவரில் போட்டு அல்சூர் போஸ்ட் ஆபீஸில் ரிஜிஸ்டர் தபாலுக்கு நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா ஒந்தே அட்ரெஸ்ஸா?" என்று கேட்டார். எல்லாமே ஒரே விலாசம்தான். ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே கதவு. "ஒரே கவர்ல போட்டிருக்கலாமே" என்றார். கம்பெனி வேற வேறம்மா என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் குலத்தையே திட்டினார்கள்.

தபால் போய்ச் சேர்ந்த அன்று சார் என்னை மேலே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். டோக்கனைக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். டிராயரைத் திறந்து அந்தப் பழைய கவரை எடுத்து நீட்டினார். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

ஆனால் இதெல்லாம் நடந்தும் என் மனைவியின் காரியம் ஆகவில்லை. நான் ராஜினாமா செய்தாலும் சர்க்கார் பட்டியலிலிருந்து என் பெயர் இறங்க வேண்டும். அதற்குக் கம்பெனிகள் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது நானே செய்ய வேண்டும். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் ஆகும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்று மேடம் கையை விரித்தார்.

"இன்னொரு வழி இருக்குங்க" என்றார் அவளிடம். "ஒரே ஒருத்தரே நடத்தற கம்பெனின்னு இருக்கு. ஒருத்தரே சொந்தக்காரர், அவரே டைரக்டர். ரெண்டாவது ஆள் வேண்டாம். கம்பெனிப் பேருக்குப் பின்னால பிரைவேட் லிமிடெட்னும் வரும். ஒத்துப்பாங்களான்னு நானே அந்த ஆபீஸ்ல கேட்டுப் பார்த்துட்டேன். ஒத்துப்பாங்களாம்."

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேர் பேரும் வரணும்னு நெனச்சேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்புறம், "சரி மேடம், போடுங்க" என்றாள்.

கேன்டீன் கிடைத்தது. தினம் காலை அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான்தான். சம்பளம் உண்டு, லேட்டாகப் போனால் திட்டும் உண்டு. அது பிற்பாடு. அன்றைக்கு மேடத்தின் மாடியில் இன்னும் ஒரு காகிதம் பாக்கி இருந்தது.

"ஒருத்தரே நடத்தற கம்பெனிக்கு ஒரு நாமினி வேணுங்க" என்றார் மேடம். "இவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா கம்பெனி அவருக்கு வரும். அதுவரைக்கும் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சம்மதம்னு அவர் கையெழுத்துப் போடணும். யாரைப் போடட்டும்?"

"இவரத்தான்" என்றாள், யோசிக்காமல்.

மேடம் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் பழக்க தோஷத்தில் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினேன். என் மனைவி அந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"படி."

படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன், மேடம் தமிழில் சொன்னார். அவள் பெயர், என் பெயர், அவள் இறந்துபோனால், அல்லது அவளால் இயலாமல் போனால். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவளோடு வேலை பார்க்கும் மூன்று பெண்களும் ஆபீஸுக்குப் போகிற சாப்பாட்டு மூட்டையோடு கீழே காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"அப்ப நீ செத்தாத்தான் எனக்கு வேலையா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுக்குன்னு அவசரப்படாத" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.

கையெழுத்துப் போட்டேன். இருபத்தோரு பதவிகளில், இன்னதென்று தெரிந்து நான் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அந்த வேலை எனக்கு என்றைக்கும் ஆரம்பிக்கவே கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.